ஒன்றரை அடிக் கப்பி

செஞ்சி
4-1-1968

மகள் வேதநாயகிக்கு நைனா எழுதுவது. நலம் என்று எழுதினால் நீ நம்பப்போவதில்லை, ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

கார்த்திகையிலிருந்து இரண்டு கார்டு போட்டுவிட்டேன். பதில் இல்லை. இதற்கும் பதில் வராவிட்டால் நான்காவது போடுவேன். ஒரே பள்ளத்தில் திரும்பத் திரும்ப மண் கொட்டுவது ரோடு ஓவர்சீயருக்குப் பழக்கமான வேலைதான்.

உங்கள் ஊருக்குக் கிழக்கே ஏரி உள்வாயில், கரைக்கு உள்பக்கத் தரையில், நான் போட்ட எண்ணூறு அடி ரோட்டைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போடச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. அதையும் என்னிடமே கொடுத்திருக்கிறார்கள். பிப்ரவரி இருபத்தெட்டாம் தேதி மாசி அமாவாசை. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற ஸ்பெஷல் பஸ் எல்லாம் அந்த வழியாகத்தான் விடுவார்களாம். பஸ்ஸுக்குள் அறுபது பேர் என்றால் கூரைமேல் இருபது பேர் இருப்பார்கள். அதை நினைத்தால் எனக்கு உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

ஐப்பசி மழையில் மாப்பிள்ளை மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு வந்தபோது அந்த ரோட்டில்தான் வண்டி அச்சுவரை இறங்கியது. வலத்து மாடு செத்தது, சக்கரம் அவர் காலில் ஏறியது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ என்னைப் பார்த்து, "இது நீ போட்ட ரோடுதானே நைனா" என்று கேட்டாய். அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது. நீ கேட்டது சரி. களிமண் மேல் செம்மண் சரளையைக் கொட்டி ரோலர் ஓட்டினேன். மேலே வழவழவென்று இருந்தது, அதில் மயங்கிவிட்டேன். மழை வந்ததும் சரளையும் களியும் சேர்ந்து கூழாகிவிட்டன.

இந்தத் தடவை சேற்றை வாரிப்போட்டு, அரையடி மணல் பரப்பி, அதன்மேல் ஒன்றரை அடிக்கு உடைத்த கருங்கல் கப்பி போடப்போகிறேன். பெரிய கல், சின்ன கல், கல்தூள் எல்லாம் கலந்து போட்டு நனைத்து அழுத்தினால் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். கீழே மண் இளகினாலும் பாரத்தைப் பரப்பிவிடும்.

மாப்பிள்ளை கால் எப்படி இருக்கிறது? இன்னொன்று. உள்வாய் உன் வீட்டு வாசலிலிருந்து தெரியும். எந்தெந்த இடத்தில் ஈரம் காயாமல் நிற்கிறது என்று பார்த்து எழுது.

நைனா


வடகரைப்பட்டு
9-1-1968

நைனா அவர்களுக்கு வேதநாயகி எழுதுவது.

முதலில் கார்டு போடுவதை நிறுத்துங்கள். தபால்காரர் கையில் கொடுப்பதற்கு முன்பே, "உங்க நைனா மறுபடியும் ரோடு போடுறாராமே" என்கிறார். அவருக்குத் தெரிந்தால் பாதி ஊருக்குத் தெரிந்த மாதிரி. அடுத்த தடவை கவரில் எழுதி ஒட்டி அனுப்புங்கள்.

கால் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டுப் பிரித்தாகிவிட்டது. பாதம் தரையில் முழுசாகப் படியவில்லை. கோல் ஊன்றி வாசல்வரை வருகிறார், மாட்டுக் கொட்டகையைப் பார்க்கிறார், திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்கிறார். மிச்சமிருக்கிற ஒத்தை மாடு கூடச் சரியாகத் தின்பதில்லை. எதற்கெடுத்தாலும் என்மேல் எரிந்து விழுகிறார். நானும் எரிந்து விழுகிறேன். இப்படித்தான் நாள் போகிறது.

ஈரம் எங்கே நிற்கிறது என்று என்னை ஏன் கேட்கிறீர்கள்? சர்க்கார் சம்பளம் எனக்கா கொடுக்கிறார்கள்? ஆடி மாதம் ரோலருக்கு மாலை போட்டு, கண்டிராக்டர் பக்கத்தில் நீங்கள் சிரித்துக்கொண்டு நின்றதை ஊரே பார்த்தது. இப்போது மாமனார் வெட்டிய பள்ளத்தில் மருமகன் விழுந்தான் என்று அதே ஊர் பேசுகிறது.

உள்வாயில் எதற்குத் திரும்பவும் ரோடு? ஏரிக்கரை மேலேயே கொண்டுபோனால் என்ன? அந்த இடத்தை விட்டுவிடுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டீர்கள், ஆனாலும் சொல்லிவிட்டேன்.

பொங்கலுக்கு வரவேண்டாம். இவர் இப்போது யாரையும் பார்க்கிற மாதிரி இல்லை.

வேதநாயகி


செஞ்சி
18-1-1968

வேதாவுக்கு,

கடிதம் முழுக்க "நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். கலெக்டருக்கு மனு எழுதுகிற மாதிரி இருந்தது. பரவாயில்லை, பதில் வந்ததே போதும். இரண்டு தடவை படித்தேன்.

பொங்கலன்று கீழ் வீட்டு மெஹராஜ் பேகம் சோறும் குழம்பும் கொடுத்தனுப்பினார். கல்குவாரி வைத்திருக்கிற சாந்த் பாஷாவின் சம்சாரம், உனக்குத் தெரியும். சாந்த் பாஷா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, சாப்பிடாவிட்டால் எனக்குக் கல் கிடையாது என்று மிரட்டினார். அவருடைய குவாரியிலிருந்துதான் கப்பி வருகிறது. நாற்பது பெண்கள் உட்கார்ந்து உடைக்கிறார்கள்.

ஏரிக்கரை மேல் ரோடு போட்டால் என்ன என்று கேட்டாய். கரை மாட்டுவண்டியைத் தாங்கும், பஸ்ஸைத் தாங்காது. கரை போனால் ஏரி போய்விடும். வேறு வழி இருந்தால் நான் பார்த்திருக்கமாட்டேனா?

கண்டிராக்டர் விநாயகம் ஒரு நாளும் என்னை நிம்மதியாக விடுவதில்லை. ஒன்றரை அடி எதற்கு, முக்கால் அடி போதும் என்றார். முடியாது என்றேன். பிறகு, "கோட்டை மதில் இடிஞ்சு கெடக்குது சார், அந்தக் கல்லை அள்ளிப் போட்டா யாரு கேக்கப்போறாங்க" என்றார். ராஜா கட்டின கல்லில் கைவைத்தால் ஜெயிலுக்குப் போவாய் என்று சொல்லிவிட்டு, ரோட்டுக்கும் அது ஆகாது என்றும் விளக்கினேன். மதில் கல் முகம் தேய்த்த கல். வழுக்கும், ஒன்றையொன்று பிடிக்காது. புதிதாக உடைத்து, முனை கையைக் கிழிக்கிற கல்தான் வேண்டும்.

இப்போது நடந்ததைக் கேள். மாப்பிள்ளை வண்டி இறங்கிய இடத்தில் திங்கட்கிழமை ஒரு வண்டிக் கல் கொட்டினோம். மறுநாள் போனால் கல்லைக் காணோம். இன்னொரு வண்டி கொட்டினோம், அதுவும் இறங்கியது. கடப்பாரையைக் குத்திப் பார்த்தேன். பிடிவரை போய்விட்டது. மற்ற இடத்தில் எல்லாம் இரண்டு அடியில் கெட்டி மண் தட்டுப்படுகிறது. தோண்டச் சொன்னேன். சேற்றோடு வைக்கோல் வந்தது, மல்லாட்டைக் கொடி வந்தது, பனையோலை வந்தது. ஏரிக்குள் ஆறு அடி ஆழத்தில் வைக்கோல் எப்படி வரும்? உங்கள் ஊர் ஆட்களைக் கேட்டேன். நின்று வேடிக்கை பார்த்தவர்கள் எல்லாரும் வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்கள்.

உனக்கு ஏதாவது தெரியுமா?

நைனா


வடகரைப்பட்டு
23-1-1968

நைனா அவர்களுக்கு,

வெள்ளம் வரும்போது வைக்கோல் மிதந்து வரும், படியும். இதில் என்ன அதிசயம்? கல்லைப் போட்டு மூடிவிட்டுப் போகாமல் ஊரைத் தோண்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

நீங்கள் தோண்டியதைப் பற்றி யாரோ வந்து இவரிடம் சொன்னார்கள். அன்றைக்கு இவர் சாப்பிடவில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஏரியில் யாராவது அனுமதி இல்லாமல் மண் எடுத்திருந்தால் சர்க்கார் என்ன செய்யும்? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

வேதநாயகி


செஞ்சி
31-1-1968

வேதா,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரமாக என்ன எழுதுவது என்று தெரியாமல் திரிந்தேன். அறைக்கும் பஜாருக்கும் நடந்து நடந்து செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

நீ சும்மா கேட்டதற்கு நானும் சும்மா பதில் சொல்கிறேன். அனுமதி இல்லாமல் ஏரி மண் எடுத்தால் தாசில்தார் அபராதம் போடுவார். கர்ணம் அதை ஊர் முழுக்கச் சொல்லுவார். ஆனால் நான் தாசில்தாரும் இல்லை, கர்ணமும் இல்லை. ரோடு போடுகிறவன். யார் தோண்டினார்கள் என்பது எனக்கு வேண்டாம். எங்கே தோண்டினார்கள் என்பது மட்டும் வேண்டும்.

அந்தக் குழி நிறைந்துவிட்டது. வைக்கோலையும் சேற்றையும் வாரிவிட்டு, பாறைத் துண்டுகளாகப் போட்டுக்கொண்டே போனோம். நான்காவது நாள் கல் இறங்குவது நின்றது. அதன்மேல் கப்பியும் போட்டாகிவிட்டது. மொத்தத்தில் முந்நூறு அடி முடிந்திருக்கிறது. பிப்ரவரி இருபத்தாறாம் தேதி லாரியில் கல்லேற்றி ஓட்டிப் பார்க்கப்போகிறார்கள்.

விநாயகம் சந்தோஷமாக இருக்கிறார். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. இன்னொரு குழி இல்லை என்று யார் சொன்னது? பத்தடிக்கு ஒரு தடவை கடப்பாரை குத்துகிறேன். கடப்பாரை தான் குத்திய இடத்தை மட்டும்தான் சொல்லும். எண்ணூறு அடியையும் ஆள் ஆழத்துக்குத் தோண்ட நாளும் இல்லை, ஆளும் இல்லை. கப்பி சொதசொதப்பான மண்ணைத் தாங்கும். கயிற்றுக் கட்டிலில் ஒற்றைக் காலால் நிற்பதற்கும் நீட்டிப் படுப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. ஆனால் கட்டிலில் கயிறே இல்லாத இடத்தில் படுக்க முடியாது. பாதி சக்கரம் கெட்டியிலும் பாதி குழி மேலும் ஏறினால் பஸ் சாய்ந்துவிடும்.

இன்னொன்றையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன். போன சித்திரையில் நான் அளக்க வந்தேன் அல்லவா? உச்சி வெயில். குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். எண்ணூறு அடிக்கு மூன்று இடத்தில் கடப்பாரை போட்டேன். மேல் மண் காய்ந்து பாறையாக இருந்தது. "கெட்டி நிலம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்படி எழுதச் சொல்லி என்னை யாரும் வற்புறுத்தவில்லை. மாப்பிள்ளை காலைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மூன்று குத்துதான் ஞாபகம் வருகிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது, வேதா.

நைனா


வடகரைப்பட்டு
7-2-1968

நைனா,

மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிப்பதற்குள் ஒட்டி அனுப்பிவிட வேண்டும்.

அந்தக் குழியைத் தோண்டியது இவர்தான்.

போன பங்குனியில் ஏரி காய்ந்ததும் மல்லாட்டைக் காட்டுக்கு வண்டல் எடுத்தோம். அனுமதி கேட்டால் கர்ணம் அலையவிடுவார், அதற்குள் மழை வந்து ஏரி நிறைந்துவிடும். அதனால் யாரும் கேட்பதில்லை, வருஷா வருஷம் எடுப்பதுதான். இவர் இரண்டு குழி. இன்னும் மூன்று வீட்டுக்காரர்கள் ஆளுக்கொன்று. உள்ளே இறங்கி நின்றால் தலை தெரியாது.

அப்புறம்தான் ரோடு உள்வாய் வழியாக வருகிறது, அளக்க வருவது அரங்கநாதன் ஓவர்சீயர் என்று தெரிந்தது. ஊரில் எல்லாரும் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. "உங்க நைனா எதிர்ல ஏரி மண்ணைத் திருடினவன்னு நான் நிக்கணுமா" என்றார். வண்டலை எல்லாம் காட்டில் கொட்டி உழுதாகிவிட்டது, திரும்பப் போட வழியில்லை. வைக்கோல், மல்லாட்டைக் கொடி, பனையோலை, கைக்குக் கிடைத்ததை எல்லாம் குழியில் போட்டார்கள். மேலே ஒரு அடி மண் தூவி, தண்ணீர் தெளித்து, ஆட்டுக்கிடையை அங்கேயே பத்து நாள் மடக்கினார்கள். இருநூறு ஆடு மிதித்ததில் எது குழி, எது தரை என்று பார்வைக்கு வித்தியாசமே தெரியாமல் போய்விட்டது.

இதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. நானும் கூடை தூக்கினேன். நீ குடையோடு வந்த அன்றைக்கு நான் மோர் கொண்டுவந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் குழிமேல் நின்றுதான் குடித்தாய். காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். "வெயில் மண்டையைப் பொளக்குது, சாப்பிட வா நைனா" என்று உன்னைக் கூப்பிட்டுக்கொண்டு போனேன். நீ இன்னும் நாலு இடத்தில் குத்தியிருப்பாய். நான்தான் விடவில்லை.

வண்டி அந்தக் குழியிலேயே இறங்கியது. தெரிந்தும் ஏன் அது மேலே ஓட்டினாய் என்று ஒரு நாள் இவரைக் கேட்டேன். காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "மாமா ரோடு போட்டா தாங்கும்னு நெனச்சேன்" என்றார். அன்றைக்கு நான் கொட்டகைக்குப் போய் அழுதேன். ஆஸ்பத்திரியில் இவரைத் திட்ட முடியவில்லை, என்னைத் திட்டிக்கொள்ள முடியவில்லை. நீ எதிரில் வந்து நின்றாய், உன்னைத் திட்டிவிட்டேன்.

இன்னும் நாலு குழி இருக்கிறது. சரியான இடம் எனக்குத் தெரியாது, இவருக்குத் தெரியும். சொல்லிவிடு என்று கெஞ்சினேன். மூன்று வீட்டுக்காரர்களைக் காட்டிக்கொடுத்துவிட்டு இந்த ஊரில் எப்படி இருப்பது என்கிறார். அவர் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது. அமாவாசை பஸ்ஸை நினைத்தால் ராத்திரியில் எழுந்து வாசலில் வந்து உட்கார்ந்துவிடுகிறேன். நான் என்ன செய்யட்டும்?

வேதா


செஞ்சி
9-2-1968

வேதா,

உன் கவர் வந்தது. உன்மேல் கோபம் இல்லை. மாப்பிள்ளை மேலும் இல்லை. இருபது வருஷ ஓவர்சீயரை இருநூறு ஆடு ஏமாற்றியிருக்கிறது. யாராவது கேட்டால் சிரிப்பார்கள், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மோருக்காகக் குடையை மடக்கினவன் நான்தான். அதற்கு நீ அழவேண்டாம்.

இப்போது செய்யவேண்டியது இது. மாப்பிள்ளை வாயைத் திறக்கவேண்டாம். யார் பெயரும் வேண்டாம். உங்கள் ஒத்தை மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிக்கொண்டு உள்வாய்க்கு வரட்டும். குழி இருக்கிற இடத்தில் முளை அடித்து, மாட்டைக் கட்டி, சாயங்காலம் அவிழ்த்துக்கொண்டு போகட்டும். முளையை மட்டும் பிடுங்கவேண்டாம். மாடு கட்டினவனை எந்தக் கர்ணமும் எதுவும் கேட்க முடியாது. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆபீசுக்கு இன்று ரிப்போர்ட் எழுதிவிட்டேன். ஏரி உள்வாய் என்பதால் நிலம் இடத்துக்கு இடம் மாறுகிறது, போன வருஷம் ஓவர்சீயர் சோதித்த விதம் போதாது, தவறு ஓவர்சீயருடையது என்று எழுதினேன். குழி என்ற வார்த்தையே அதில் இல்லை. எழுதியதெல்லாம் உண்மைதான், ஆகவே என் மனசும் உறுத்தவில்லை.

சீக்கிரம், அம்மா. இன்னும் பத்தொன்பது நாள்தான் இருக்கிறது.

நைனா


வடகரைப்பட்டு
16-2-1968

நைனா,

உன் கடிதத்தை இவரிடம் படித்துக் காட்டினேன். "தவறு ஓவர்சீயருடையது" என்ற இடத்தில் எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டார். அரைமணி கழித்து முளைக்குச்சி சீவுகிற சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை கிளம்பினோம். மாடு ரோட்டில் இறங்கமாட்டேன் என்று நின்றுவிட்டது. அதைப் பார்த்து இவரும் நின்றுவிட்டார். இரண்டையும் நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். தன்னுடைய இரண்டாவது குழியில் முளை அடித்தார். கோலைக் கீழே வைத்துவிட்டு, உட்கார்ந்து, மண்ணைத் தடவிப் பார்த்துவிட்டு அடித்தார்.

செவ்வாய்க்கிழமை தங்கராசு வீட்டுக் குழிப் பக்கம் போனோம். தங்கராசு ஓடி வந்து, "இன்னாடா பண்றே இங்க, ஒரு புல்லு கூட இல்லியே" என்றார். இவர் என்னைப் பார்த்தார். நான் சும்மா இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. "அமாவாசைக்கு உங்க வீட்டு ஜனமும் இந்த பஸ்ஸுலதானே போவும்" என்று கேட்டேன். தங்கராசு குனிந்து தரையைப் பார்த்தார். திரும்பி வீட்டுப் பக்கம் நடந்தார். நாங்கள் முளை அடிக்காமல் திரும்பிவிட்டோம்.

புதன்கிழமை காலையில் அதே இடத்தில் தங்கராசுவின் வெள்ளாடு கட்டியிருந்தது. நேற்று இன்னும் இரண்டு இடத்தில், ஓரிடத்தில் எருமைக் கன்று, ஓரிடத்தில் கிடாய். யாரும் யாரிடமும் பேசிக்கொள்ளவில்லை. கிணற்றடியில் கூட அதைப் பற்றி மூச்சு இல்லை.

நாலு முளையும் ஆகிவிட்டது. இனிமேல் உன் பாடு.

வேதா


செஞ்சி
26-2-1968

வேதா,

நீ நாலு என்று எழுதினாய். நான் போய்ப் பார்த்தபோது ஐந்து முளை இருந்தது.

நாலைத் தோண்டி, வாரி, பாறையால் நிரப்பினோம். சாந்த் பாஷா தன் வீட்டுக் கல்யாண வேலையைக் கூட ஒத்திவைத்துவிட்டு வண்டி அனுப்பினார். ஐந்தாவதுதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. அது இன்னும் வேலை ஆகாத பக்கத்தில் இல்லை. நான் கப்பி போட்டு முடித்த முந்நூறு அடியின் ஓரத்தில், அந்தப் புதுக் கல்லுக்கு ஒட்டினாற்போல் அடித்திருந்தது. அதில் மாடும் இல்லை, ஆடும் இல்லை. வெறும் முளை.

விநாயகம் குதித்தார். ஏதோ பையன் விளையாட்டுக்கு அடித்த குச்சிக்காக முடிந்த வேலையை உடைப்பதா என்றார். ரோலர் பத்துத் தடவை போயிருக்கிறது, ஒரு அங்குலம் இறங்கவில்லை. எனக்கும் மனசு வரவில்லை. அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பிறகு மூன்று குத்து ஞாபகம் வந்தது. உடையுங்கள் என்றேன்.

மேல் கல்லை எடுத்தால் கீழே கை நுழைகிற அளவுக்கு வெற்றிடம். வைக்கோல் மக்கி இறங்கிவிட்டது. கப்பி இரண்டு பக்கமும் கெட்டி மண்ணைக் கவ்விக்கொண்டு அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது. நான் எவ்வளவு நல்ல கப்பி போட்டேனோ, அவ்வளவு நன்றாகக் குழியை மறைத்திருக்கிறது. ரோலருக்குத் தாங்கியது. அமாவாசைக்கு வரிசையாக வருகிற நூறு பஸ்ஸுக்குத் தாங்கியிருக்காது. விநாயகம் எட்டிப் பார்த்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் என்னிடம் எதிர்த்துப் பேசவில்லை.

அந்த முளையை அடித்தது யார் என்று எனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

இன்று கல்லேற்றிய லாரியை ஆறு தடவை ஓட்டினார்கள். பாஸ் என்று எழுதிவிட்டார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. பாஸ் என்று நானும் ஒரு தடவை எழுதியவன்தானே. நாளை மறுநாள் முதல் பஸ்ஸிலிருந்து கடைசி பஸ் வரை அங்கேயே நிற்கப்போகிறேன். மாப்பிள்ளையை அன்றைக்கு வண்டி கிண்டி பூட்டச் சொல்லாதே. நீயும் வரவேண்டாம், வெயில் அதிகம்.

நைனா


வடகரைப்பட்டு
3-3-1968

நைனா,

வரவேண்டாம் என்று எழுதியிருந்தாய். வந்தேன். குடை இல்லாமல் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, காலையிலிருந்து அங்கேயே நின்றாயாம். பஸ் ஒவ்வொன்றும் வரும்போது நீ பஸ்ஸைப் பார்க்கவில்லை, குனிந்து சக்கரத்துக்குக் கீழே கல்லைப் பார்த்தாய். கூரைமேல் இருந்தவர்கள் உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள். தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஆத்திரமாக வந்தது, அழுகையாகவும் வந்தது.

மோர்ச் சொம்பை நீட்டினேன். நீ போன வருஷம் நின்ற அதே இடத்தில் நின்று முழுசையும் குடித்தாய். சொம்பைக் கொடுத்தாய். அடுத்த பஸ் வந்துவிட்டது, நீ மறுபடியும் குனிந்துவிட்டாய். வழியெல்லாம் என்னென்னவோ சொல்ல நினைத்துக்கொண்டு வந்தேன், ஒரு வார்த்தை வரவில்லை. அதை இப்போது எழுதுகிறேன். என்னை மன்னித்துவிடு நைனா. ரோட்டுக்காக இல்லை. வராந்தாவில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே பொய்யாகக் கோபப்பட்டதற்காக.

அன்றைக்கு எண்பத்தேழு பஸ் போயிருக்கிறது. திண்டிவனத்திலிருந்து வந்த ஒன்றில் தங்கராசுவின் அம்மாவும் தங்கைகளும் இருந்தார்கள். எல்லாரும் பத்திரமாகத் திரும்பிவிட்டார்கள்.

ஐந்தாவது முளை யார் அடித்தது என்று எங்களுக்கும் தெரியவில்லை. இவர் கர்ணத்தின் மாட்டுக் கொட்டகையில் அதே மாதிரி கருவேல முளை இருக்கிறது என்கிறார். நான் வாயை மூடச் சொல்லிவிட்டேன்.

நீ எனக்கு எழுதாத ஒன்றைச் சாந்த் பாஷா வண்டிக்காரர் சொன்னார். உன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு உன்னை ஒரு படி இறக்கி, திருக்கோவிலூர்ப் பக்கம் மாற்றிவிட்டார்களாமே. ஒன்பதாம் தேதி கிளம்புகிறாயாமே. இதை இவரிடம் சொன்னேன். பெட்டியைத் திறந்து நல்ல வேட்டியை எடுத்து வெளியே வைத்தார்.

எட்டாம் தேதி வெள்ளிக்கிழமை செஞ்சிச் சந்தைக்கு இரண்டு பேரும் வருகிறோம். மாட்டுக்குச் சோடி பார்க்கவேண்டும். அதற்கு முன்னால் இவர் உன்னிடம் பேசவேண்டுமாம். என்ன பேசப்போகிறார் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அவர் வாயால் சொல்லி முடிக்கிறவரை நீ குறுக்கே பேசாதே. வேண்டாம் மாப்பிள்ளை, விடுங்கள் மாப்பிள்ளை என்று அவசரப்பட்டு மூடிவிடாதே. உள்ளே இருப்பது முழுசும் வெளியே வரட்டும்.

பஸ்ஸில்தான் வருகிறோம். உள்வாய் வந்ததும் கண்ணை மூடிக்கொள்வேன் என்று இவர் இப்போதே சொல்லிவிட்டார். நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, முளை இருந்த ஐந்து இடத்தையும் எண்ணிக்கொண்டு வருவேன். எங்கள் வண்டி இறங்கின இடத்தோடு சேர்த்து ஆறு. ஆறும் தாண்டிய பிறகு இவரைத் தட்டி எழுப்புவேன்.

வேதா